முப்பத்திரண்டு பல்லும் ஒரு கையெழுத்தும்

அடி அண்ணாமலை,
14-3-2003

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா ஆதிமூலம் எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று அடுத்து கேட்பதுதான் முறை. நான் கேட்கப்போவதில்லை. பம்பாய்க்கே வந்து, மூன்று மாடி ஏறி, எட்டு நாள் தங்கி, நீ எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். அந்த எட்டு நாளும் அங்கே இல்லாத ஒரே ஆள் நீதான். பதறாதே. மாறனும் சினேகாவும் அந்தத் தாடிக்காரப் பிள்ளையும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். நானே எழுதும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மூவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். சமையலறை அலமாரியில் அண்ணாமலையார் படம் எப்படி வந்தது என்று நீ கேட்டிருப்பாய், மூவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்திருப்பார்கள்.

ஏன் சொல்லாமல் வந்தேன் என்றால், சொல்லிவிட்டு வந்தால் நீ வீட்டைத் துடைத்து வைத்திருப்பாய். முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான், முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்த எந்த இடமும் உண்மையாக இருந்ததில்லை. வந்த காரியம் இதுதான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ராமதாஸ் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார் அல்லவா, அதில் கீழே ஒரு கடை. ஜெராக்ஸ், கம்ப்யூட்டரில் மனு அடித்துத் தருவது, கல்யாணப் பத்திரிகை டிசைன், எல்லாம் உன் படிப்புக்குள் அடங்குகிற தொழில். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க சார், ஆள் வரிசையில நிக்கிதுன்னு ராமதாஸ் நெருக்கினார். உன்னிடம் போனில் கேட்டால் "பாக்கலாம்பா" என்பாய், அந்தப் பாக்கலாம்பாவை ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையோடு அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்து, திரும்பி வர எனக்கொன்று உனக்கொன்று என்று இரண்டு டிக்கெட் போட்டுக்கொண்டு, உன் அம்மா கட்டிக் கொடுத்த வேர்க்கடலைப் பையும் சாமி படமுமாகக் காட்பாடி போய் ரயில் ஏறினேன்.

வந்து கதவைத் தட்டினால் கதவைத் திறந்தது மாறன். பையன் விழுப்புரத்துக்காரன் என்று நீ எழுதியிருந்ததால் தமிழிலேயே கேட்டேன். செழியன் ராஜஸ்தானுக்குப் போயிருக்காரு அப்பா, ஒரு ஓட்டல்காரங்களுக்கு ஒட்டகம் வரையணும், வர பத்து நாள் ஆகும், அங்க போன் எடுக்காதுன்னு சொன்னான். திருவண்ணாமலையில் பிறந்தவன், அந்தேரியில் உட்கார்ந்து, ராஜஸ்தானுக்குப் போய் ஒட்டகம் வரைகிறான். அங்கே இருக்கிறவனுக்கு ஒட்டகம் எப்படி இருக்கும் என்று தெரியாது போலிருக்கிறது. எனக்குத் திரும்ப டிக்கெட் எட்டு நாள் கழித்து. லாட்ஜுக்குப் போகலாம் என்று விசாரித்தேன், ஒரு நாள் வாடகையைச் சொன்னார்கள், அவ்வளவு வாடகை இங்கே பௌர்ணமி அன்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே உங்கள் ஸ்டூடியோவிலேயே தங்கினேன்.

ஸ்டூடியோ. நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிய அந்தச் சொல்லைப் படித்து உன் அம்மா ஏதோ ஏவிஎம் அளவுக்கு நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு அடிக்குப் பதினெட்டு அடி, அதற்குப் பின்னால் ஒரு சமையலறை, அதற்குப் பின்னால் ஒருவர் நுழைந்தால் கதவு சாத்த முடியாத ஒரு குளியலறை. நான் கண்ணால் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து மாறன் சிரித்துவிட்டான். எங்கப்பா வந்தா உட்கார்றதுக்கு முன்னாடி ரூமை அளப்பாருன்னு செழியன் சொல்லியிருக்காரு அப்பா என்றான். பெற்ற தகப்பனைப் பற்றி ஊருக்குச் சொல்ல உனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், சந்தோஷம். இரண்டு கம்ப்யூட்டர், நான்கு பேர். யார் எப்போது உட்காருவது என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது, அதை மட்டும் ஐந்து வண்ணத்தில் எழுதியிருந்தீர்கள். பகலில் சினேகா செம்பூரில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து வந்து எழுத்து வரைந்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தப் பெண் என்னை அங்கிள் என்றது. அங்கிள் என்றால் மாமாவா சித்தப்பாவா பெரியப்பாவா என்று கேட்டேன், யோசித்துவிட்டு எல்லாமேதான் அங்கிள் என்றது.

தாடிக்காரப் பிள்ளை மராட்டிக்காரர், பெயர் இன்னமும் என் வாயில் நுழையவில்லை. அவர் சமையலறையை ஆக்கிரமித்திருந்தார். பற்பசைக் கம்பெனி ஒன்றுக்காகக் களிமண்ணில் முப்பத்திரண்டு பல் செய்து அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பல்லையும் எள்ளளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி எள்ளளவு நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படி ஆயிரக்கணக்கில் எடுத்து ஓட்டினால் பல் டான்ஸ் ஆடுமாம். ஒரு நாள் முழுக்க எடுத்தது எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன், மூன்று விநாடி என்றார் பெருமையாக. எங்கள் ஆபீசை மந்தம் என்று சொன்னவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதுவரை சோறு வைக்க அடுப்பு கிடையாது, ஆவி பட்டால் பல் உருகிவிடும். அதனால் நான்கு பேரும் பன்னுக்குள் எண்ணெய் வடையை வைத்த வடாபாவ் தின்கிறீர்கள். உன் அம்மா கொடுத்தனுப்பிய வேர்க்கடலை இரண்டே நாளில் காலி.

குழாய் ஒழுகியது. நம் ஊரில் ஒரு ஆளைக் கூப்பிட்டு வாஷர் மாற்றுவோம். இங்கே மூவரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், சினேகா படம் போட்டுக் காட்டியது, மாறன் அம்புக்குறி போட்டான். என்னடா இது என்றால் பிரெயின்ஸ்டார்மிங் அப்பா என்றான். முடிவில் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்தார்கள். அதையும் கொலாபரேஷன் என்று சொல்லிக்கொண்டார்கள். பரவாயில்லை, எங்கள் இலாகாவிலும் உண்டு, ஒருவன் சங்கிலி பிடிப்பான், ஒருவன் கொடி பிடிப்பான், மூன்று பேர் குடை பிடிப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கதவில் நோட்டீஸ். குடியிருப்புச் சங்கத்திலிருந்து. வீட்டை ஆபீஸாக நடத்துவதாகவும், கண்டவர்கள் வந்து போவதாகவும், ஒரு பெண் தினமும் வருவதாகவும் புகார், வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி வந்து பார்க்கும், ஆபீஸ்தான் என்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் துபாயில், போனை எடுக்கவில்லை. பல் படம் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் ஆர்டரும் போச்சு, ஆறு மாதமாக அலைந்து பிடித்த கம்பெனியும் போச்சு. மூவர் முகத்திலும் ரத்தம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். அண்ணாமலையாரே என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார், நீ திரும்பி வரும்போது வீடே நிலைக்காது, பேசாமல் ஊருக்கு ரயில் ஏறுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே மீட்டிங். அறையைக் குடும்பம் நடத்துகிற வீடு மாதிரி ஜோடிப்பது என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டரைப் பெட்டியில் போட்டுப் புடவை போர்த்துவது, சினேகா மாறனின் தங்கை, நான் தகப்பன். இதில் ஒரே சிக்கல் பல். அலமாரியிலிருந்து ஒரு நூல் நகர்ந்தாலும் இதுவரை எடுத்தது எல்லாம் வீண், நகர்த்தவும் முடியாது, மறைக்கவும் இடமில்லை. தாடிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை மத்தியானம் சினேகா கீழே கடையிலிருந்து டீ வாங்கிக் கொண்டுவந்தது. நான் சும்மா இல்லாமல், ஏம்மா இந்தக் கஷ்டம், ஆளுக்கொரு நல்ல வேலையாகப் பார்த்துக்கொண்டு போகலாமே, இந்தச் சிநேகிதம் எல்லாம் கஷ்டம் வந்தால் நிற்குமா என்று கேட்டேன். அது வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டது. "நிக்கும் அங்கிள். போன மழையில செழியனுக்கு ஜான்டிஸ் வந்து ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரே, அப்ப ஷிப்ட் போட்டுத்தானே பார்த்துக்கிட்டோம்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது.

செழியா, அந்தச் சமயத்தில் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. இங்கே மழை, நிறைய வேலை, ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்துக்கூடக் கோணவில்லை. மாறனைக் கூப்பிட்டு மிச்சத்தைக் கேட்டேன். நீ பாதியில் விட்ட பள்ளிப் புத்தகப் படங்கள் நாற்பதையும் மூன்று பேரும் பங்கு போட்டு, உன் கோடு மாதிரியே கோடு போட்டுப் பழகி, உன் பெயரில் முடித்துக் கொடுத்தார்களாம். அடுத்தவன் கையில் எழுதினால் எங்கள் ஆபீசில் அதற்குப் பெயர் சஸ்பென்ஷன். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி அந்தத் தெருவைக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன். உனக்குக் காய்ச்சல் என்றால் உன் அம்மா எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

திரும்பி வந்து, உங்கள் ஜோடனையைக் காட்டுங்கள் என்றேன். அதற்குள் முடித்திருந்தார்கள். பூ ஜாடி, புது மேஜைவிரிப்பு, சுவரில் குடும்பப் போட்டோ மாதிரி ஒன்று. ஜவுளிக்கடைக் காலண்டர் மாதிரி இருந்தது. இதைப் பார்த்தால் நானே நோட்டீஸ் கொடுப்பேன் என்றேன். முப்பத்து நாலு வருஷம் ஆக்கிரமிப்பு எடுத்தவனுக்கு ஆக்கிரமிப்பு செய்கிறவன் புத்தி தெரியாதா? வீடு என்றால் எதையாவது உடைந்தபடியே வைத்திருப்பார்கள். பூ ஜாடியை எடுத்துவிட்டுக் கைப்பிடி போன ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்தேன், என் ஈர வேட்டியைக் குறுக்கே கட்டினேன், ஆணியில் பழைய காலண்டரை மாட்டி அதில் பால் வாங்கிய நாளுக்கெல்லாம் கோடு போடச் சொன்னேன். பல்லுக்கும் வழி சொன்னேன். கிரிவலப் பாதையில் டீக்கடை தருமனின் கொட்டகையை எடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? போய்ப் பார்த்தால் பாய்லருக்கு முன்னால் ஒரு வேல் நட்டு, மஞ்சள் துணி கட்டி, கற்பூரம் ஏற்றி வைத்திருந்தான். போலீஸ், புல்டோசர், தாசில்தார், அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினோம். அதே வித்தைதான். அலமாரிக்கு ஒரு திரை, திரைக்கு முன்னால் உன் அம்மா கொடுத்த அண்ணாமலையார் படம், ஒரு விளக்கு. எந்த அதிகாரியும் சாமிக்குப் பின்னால் கைவிட மாட்டான். மூவரும் என்னை ஏதோ மேதையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஐடியா என்றால் இதுதான் ஐடியா என்று மாறன் கைதட்டினான். தருமனுக்குத்தான் தட்ட வேண்டும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கத்தின் செயலாளர் இரண்டு பேரோடு வந்தார். ஒடிசலான மனிதர், ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், செருப்பை வாசலிலேயே விட்டார். இந்த மாதிரி ஆட்கள்தான் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். குடத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், திருப்தி. சினேகா டீயை நீட்டி, எனக்கும் கொடுத்து "அப்பா அங்கிள், எடுத்துக்குங்க" என்றது. நல்லவேளை அது அவர்கள் காதில் விழவில்லை. சமையலறைக்கு வந்தார். விளக்கைப் பார்த்ததும் கைகூப்பினார். அத்தோடு போவார் என்று நினைத்தேன். எந்த ஊர் சாமி என்று இங்கிலீஷில் கேட்டார், சொன்னேன். அந்த மலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், திரையைக் கொஞ்சம் விலக்குங்கள், உள்ளே இருக்கிற மூர்த்தியையும் தரிசனம் செய்துகொள்கிறேன் என்றார்.

நடை சாத்தியிருக்கிறது என்று சொல்லலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே அண்ணாமலையார் படம். சர்வீஸில் எவ்வளவோ பேர் எதை எதையோ நீட்டியும் ஒரு எல்லைக் கோட்டைக்கூட நான் தள்ளிப் போட்டதில்லை, இப்போது கூப்பின கையோடு நிற்கிற மனிதரிடம் சாமி பேரில் பொய் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. திரையை நானே விலக்கினேன். முப்பத்திரண்டு பல்லும் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றன. அவர் கூப்பின கையை இறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலை நீட்டிக் கடைவாய்ப் பல்லைத் தொடப் போனார். தொடாதீர்கள் என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த எட்டு நாளில் மூவரும் ஒரே கருத்தைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கூட வந்த இருவரும் என்னென்னவோ கத்தினார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்டார். நான் ரிப்போர்ட் எழுதுகிற இங்கிலீஷில் சொன்னேன். ஐயா, நான் ஓய்வு பெற்ற சர்வேயர், இந்த மூவருக்கும் நான் தகப்பன் இல்லை, இங்கே இல்லாத நாலாவது ஆளுக்குத் தகப்பன். பார்த்ததைச் சொல்கிறேன். இது ஆபீஸ், மறுக்கவில்லை. இதிலேயே மூன்று பையன்கள் படுத்து எழவும் செய்கிறார்கள், அந்தப் பெண் எட்டு மணிக்கு அத்தை வீட்டுக்குப் போகிறது, ஆகவே வீடும்தான். உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு இடம் பிடிக்க இவர்களுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். இவர்களை வெளியே அனுப்பத்தான் நானும் வந்தேன், என் மகனை ஊருக்குக் கூட்டிப்போக. நேற்று மத்தியானம்வரை அந்த எண்ணம்தான். என் மகன் சாகக் கிடந்தபோது இவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள், எனக்குத் தகவல்கூட இல்லை. இந்த ஜோடனை முழுக்க நான் செய்தது, தப்பு என் மேல்தான். குடத்துக்குக் கைப்பிடி மட்டும் நிஜமாகவே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கடைவாய்ப் பல் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். அதுதான் சொத்தைப் பல், கடைசியில் ஜெயிக்கிறது பிரஷ் என்று தாடிக்காரர் மராட்டியில் விளக்கினார். அரை மணி நேரம் அந்த அலமாரி முன்னால் நின்று, ஒரு பல்லை நகர்த்திப் போட்டோ எடுப்பதைப் பார்த்தார், பாலத்துக்கு அளவெடுக்கிறவர் மாதிரி கேள்வி கேட்டார். பிறகு முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, சங்கத்துக்குப் பிரச்சினை வேலை இல்லை, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கேட்பது, நான்கு பேருக்கும் இந்த ஊரில் பொறுப்பான ஆள் யார் என்றார். மாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது பெரியவர் ஜாமீனாகக் கையெழுத்துப் போட்டால் பதினோரு மாதம் விடுகிறேன், போர்டு மாட்டக் கூடாது, எட்டு மணிக்கு மேல் வெளியாள் கூடாது, படிக்கட்டில் களிமண் சிந்தக் கூடாது என்றார். நான் பேனாவை எடுத்தேன். நான்கு பெயருக்கும் எதிரே என்ன உறவு என்று எழுத வேண்டுமாம். உனக்குத் தகப்பன் என்று எழுதினேன். மற்ற மூவருக்கும் உறவு என்று மட்டும் எழுதினேன். என்ன உறவு என்று கேட்டார். அதை இன்னும் அளக்கவில்லை ஐயா என்றேன்.

படம் சனிக்கிழமை சாயங்காலம் முடிந்தது. கம்பெனிக்காரன் பார்த்துவிட்டு, சொத்தைப் பல் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கலாம் என்றானாம். இதற்காகவா அவ்வளவு பாடு என்று எனக்கு ஆத்திரம் வந்தது, தாடிக்காரர் அசராமல் சரி என்று மறுபடி களிமண்ணைப் பிசைந்தார். உனக்கென்று போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு நான் மட்டும் வந்தேன். வேங்கிக்கால் கடை வேண்டாம் என்று ராமதாஸிடம் சொல்லிவிட்டேன், வரிசையில் நின்றவர்களில் வல்லரசு என்ற பையன் எடுத்து பிரவுசிங் சென்டர் வைக்கப்போகிறான். உன் அம்மா உண்ணாமலை என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. கூட்டிக்கிட்டு வரேன்னு போன மனுஷன் பையைக்கூடக் காலியாத்தான் கொண்டாந்தாருன்னு தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. இதற்கு நடுவில் நேற்று செயலாளரிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. படிக்கட்டில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் களிமண், குழாய் இன்னும் ஒழுகுகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று ஜாமீன்தாரருக்கு எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற முதல் ஆபீஸ் கடிதம். பதில் போட வேண்டும்.

ஆகவே இனி "பாக்கலாம்பா" எல்லாம் கிடையாது. நாளைக்கே ஆள் வைத்துக் குழாய்க்கு வாஷர் போடு, மீட்டிங் வேண்டாம். பதினோரு மாதம் முடியும்வரை நீயே ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அழுதாலும் விடமாட்டேன், கையெழுத்துப் போட்டவன் நான். அடுப்பு காலியானதும் சோறு வைக்கக் கற்றுக்கொள், காமாலை வந்த உடம்புக்கு வடாபாவ் ஆகாது, எண்ணெய் கம்மியாக இருக்கட்டும். மாறன், சினேகா, தாடிக்காரர் மூவரையும் கேட்டதாகச் சொல். வரும் செவ்வாய்க்கிழமை பௌர்ணமி, நான்கு பேர் பெயரையும் சொல்லி மலையைச் சுற்றி வருகிறேன், தாடிக்காரரின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பு, சாமியிடம் தாடிக்காரர் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. காமாலை விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயே உன் கையால் எழுது. அழுவாள், அழட்டும், அது அவளுக்கு உள்ள உரிமை. வழக்கம்போல் கடிதத்தின் அடியில் நானும் ரெண்டு வரி எழுதுறேன் என்று இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள். இடம் இல்லை என்று சொல்லிக் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் சொல்லாத பொய்யை எல்லாம் உன்னால் சொல்லவேண்டியிருக்கிறது. சீக்கிரம் எழுது.

நோய்நொடி அண்டாமல் நூறாண்டு இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
கோ. ஆதிமூலம்,
ஓய்வு பெற்ற சர்வேயர், நால்வருக்கு ஜாமீன்தாரர்.